பிரௌனிக்குச் சம்பளம் கிடையாது

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மணி பதினொண்ணு. அவன் முன்னாடி சப்பணம் போட்டு உக்காந்திருந்தேன். (அவன்னா அடுப்புங்க, ஆள் இல்லை.) கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாக்லேட் மாவு மெதுவா விளிம்புல உப்பிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் பதினெட்டு பேருக்கு பிரௌனி கொண்டு வர்றேன்னு வாய்விட்டுட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா செய்யறேன். சொதப்பினா என்ன பண்றதுங்கற பயத்துல கைபேசியை எடுத்து, "இந்த பிரௌனி எங்கேருந்து வந்துச்சு"ன்னு படிக்க ஆரம்பிச்சேன். விடிகாலை ரெண்டு மணி வரைக்கும் தூங்கலை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. ஞாயித்துக்கிழமைல நான் ஒரு குழுவுக்குப் போறேன். கண் பார்வை இல்லாத கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசிச்சுப் பதிவு பண்ணித் தர்றது, பரீட்சை சமயத்துல அவங்க சொல்லச் சொல்ல எழுதித் தர்றது, இதான் வேலை. வர்ற பதினெட்டு பேர்ல மூத்தவங்க ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அறுபத்தெட்டு வயசு. ரெண்டு பஸ் மாறி வருவாங்க. அவங்க வாசிச்ச பாடத்தைக் கேட்டுட்டு, "இவங்க குரல்லயே மீதிப் பாடமும் வேணும்"னு பசங்க கேக்கற அளவுக்கு வாசிப்பு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நிர்வாகத்துல நல்லெண்ணத்தோட ஒரு ஏற்பாடு பண்ணாங்க. வர்ற தன்னார்வலர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாளைக்கு 250 ரூபாய் கூப்பன். நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கணும். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. டீச்சர் மட்டும் நோட்டை ஒரு நிமிஷம் பாத்தாங்க, மூடி வெச்சாங்க, டீ குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. அடுத்த வாரம் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. போன் பண்ணா "முட்டி வலி தம்பி"ன்னாங்க. நானும் நம்பிட்டேன்.

சரி, இப்ப வரலாற்றுக்கு வருவோம்.

தின்பண்டத்துக்கு முன்னாடி குட்டிச்சாத்தான்

பிரௌனிங்கற சொல் முதல்ல தின்பண்டத்தோட பெயரே இல்லை. ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்தோட வடக்கு எல்லைப் பகுதியிலயும் கிராமத்து வீடுகள்ல இருந்ததா நம்பின ஒரு குட்டி ஆவியோட பெயர். உடம்பெல்லாம் பழுப்பு நிற முடி, கிழிஞ்ச துணி. பகல்ல கண்ணுல படமாட்டான். ராத்திரி வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் வருவான். தானியம் அடிப்பான், வெண்ணெய் கடைவான், வீட்டைப் பெருக்குவான். காலையில எழுந்து பாத்தா வேலை முடிஞ்சிருக்கும்.

அவனுக்குக் கூலி கிடையாது. ஆனா வீட்டுக்காரங்க ஒரு கிண்ணத்துல பாலேடும், தேன் தடவின ஓட்ஸ் ரொட்டியும் அடுப்பங்கரைப் பக்கம் வெச்சுட்டுப் படுத்துடுவாங்க. "இது உனக்கு"ன்னு சொல்லக் கூடாது. ஏதோ மறந்து வெச்ச மாதிரி இருக்கணும். அவனா எடுத்துச் சாப்பிட்டுக்குவான். பாவம், குளிர்ல கிழிஞ்ச துணியோட வேலை செய்யறானேன்னு இரக்கப்பட்டு யாராவது புதுச் சட்டை தைச்சு வெச்சாங்கன்னா, அவ்வளவுதான். அன்னிக்கே வீட்டை விட்டுப் போயிடுவான். திரும்ப வரவே மாட்டான்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹாரி பாட்டர்ல டாபிக்கு ஒரு காலுறை கிடைச்சதும் விடுதலை ஆகுமே, அதுக்கு மூலம் இந்த மாதிரிக் கதைகள்தான். டாபிங்கற பெயரே வட இங்கிலாந்துல இப்படி ஒரு வீட்டு ஆவியைக் குறிக்கற சொல்.

ஏன் ஓடிப்போறான்ங்கறதுக்கு ஊருக்கு ஊர் வேற வேற காரணம் சொல்றாங்க. சில இடங்கள்ல, கூலி குடுத்ததை அவமானமா எடுத்துக்கறான். சில இடங்கள்ல, கூலி வாங்கியாச்சு, கணக்குத் தீந்துபோச்சு, இனிமே இங்க வேலை இல்லைன்னு போயிடறான்.

இந்த ரெண்டு வரியைப் படிச்சப்பதான் எனக்கு டீச்சரோட முட்டி வலி ஞாபகம் வந்துச்சு.

கார்ட்டூன் பண்ணின வேலை

இந்தக் கிராமத்து ஆவியை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோய்ச் சேத்தவர் பால்மர் காக்ஸ். கனடாவுல கியூபெக் மாகாணத்துல கிரான்பியில பிறந்த ஓவியர். ஸ்காட்டிஷ் குடியேறிகள் நிறைய இருந்த ஊர் அது. 1883-ல 'செயின்ட் நிக்கோலஸ்' சிறுவர் பத்திரிகையில பிரௌனிகளை வெச்சு படக்கதை எழுத ஆரம்பிச்சார். 1887-ல முதல் புத்தகம். கூட்டம் கூட்டமா வந்து, ராத்திரியோட ராத்திரியா யாருக்கும் தெரியாம நல்லது செஞ்சுட்டு ஓடிப்போற குட்டி ஆளுங்க. குழந்தைங்க பைத்தியமா இருந்தாங்க. பொம்மை, விளையாட்டு, மிட்டாய்னு எல்லாத்துலயும் பிரௌனி படம். 1900-ல கோடாக் கம்பெனி ஒரு டாலருக்கு விட்ட பெட்டி கேமராவுக்கும் இதே பெயரைத்தான் வெச்சாங்க.

அப்படி ஊரெல்லாம் பிரௌனி ஜுரம் அடிச்சுக்கிட்டிருந்த காலத்துலதான் சமையல் புத்தகத்துலயும் அந்தப் பெயர் வருது. பாஸ்டன்ல சமையல் பள்ளி நடத்தின ஃபேன்னி ஃபார்மர் 1896-ல போட்ட புத்தகம். வெளியிட்ட கம்பெனிக்கு அது விக்கும்னு நம்பிக்கை இல்லை, அதனால முதல் 3,000 பிரதிகளுக்கு ஃபார்மரே காசு போட்டாங்க. "ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை"ன்னு இருந்த சமையலை, கப்பையும் ஸ்பூனையும் விளிம்புக்குச் சமமா வழிச்சு அளக்கற பழக்கத்துக்குக் கொண்டுவந்தவங்க இவங்கதான். நம்ம ஆளு! ஸ்பெசிஃபிகேஷன் இல்லாம வேலை செய்ய மாட்டேன்னு அன்னிக்கே சொன்னவங்க.

அந்த 1896 பிரௌனியில ஒரு வேடிக்கை. சாக்லேட்டே கிடையாது! வெண்ணெய், பொடிச் சர்க்கரை, மொலாசஸ் (கரும்புப் பாகுக் கசடு) மூணும் மூணுல ஒரு பங்கு கப், ஒரு முட்டை, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவா மாவு, ஒரு கப் பீகன் பருப்பு. சின்னச் சின்ன அச்சுல ஊத்திச் சுட்டு, மேல அரைப் பருப்பை வெச்சு அலங்காரம். பழுப்பு நிறம், குட்டி உருவம். பெயர் பொருத்தம் புரியுதா?

பெயர் போடாத பெண்கள்

அப்ப சாக்லேட் பிரௌனி எங்கேருந்து வந்துச்சு? இதுக்குப் பதில் தேடும்போதுதான் எதிர்பாக்காத ஒரு இடத்துக்குப் போய்ச் சேந்தேன். அதுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் பின்னாடி போகணும்.

1861-ல போர் தொடங்கினதும், காயம்பட்ட வட மாநிலச் சிப்பாய்களுக்கு மருந்து, துணி, நல்ல சாப்பாடு அனுப்ப 'சானிட்டரி கமிஷன்'னு ஒரு தனியார் நிவாரண அமைப்பு வந்துச்சு. ஊர் ஊரா பெண்கள் சங்கம் சேந்து அதுக்கு வேலை பாத்தாங்க. பணம் பத்தலை. அப்ப சிகாகோவுல மேரி லிவர்மோர், ஜேன் ஹோக்னு ரெண்டு பேர், பெரிய சந்தை ஒண்ணு நடத்தலாம்னு கிளம்பினாங்க. 1863 அக்டோபர் கடைசியில சந்தை தொடங்குச்சு. வீட்டுல செஞ்ச கைவேலைகள், விவசாயிங்க குடுத்த தானியம், பெண்களே சமைச்சுப் பரிமாறின சாப்பாடுன்னு எல்லாம் விற்பனை. ஜனாதிபதி லிங்கன், அடிமை விடுதலைப் பிரகடனத்தோட தன் கைப்பட எழுதின பிரதியையே அனுப்பி வெச்சார். அது 3,000 டாலருக்கு ஏலம் போச்சு. (1871 சிகாகோ தீ விபத்துல அந்தக் காகிதம் எரிஞ்சுபோச்சு.) 25,000 டாலர் வந்தா போதும்னு நினைச்ச இடத்துல மூணு மடங்குக்கு மேல வசூல்.

இதுல லிவர்மோர் பின்னாளில் 1887-ல எழுதின நினைவுகள்ல ஒரு சம்பவம் வருது. சந்தைக்காகத் தற்காலிகக் கட்டடம் கட்ட ஒரு கான்ட்ராக்டரைப் பிடிச்சாங்க. ஒப்பந்தம் எழுதியாச்சு. ரெண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டாங்க. அந்த ஆள், "உங்க கையெழுத்து செல்லாது, கல்யாணமான பெண்கள் போட்டா சட்டப்படி மதிப்பில்லை, உங்க புருஷங்க போடட்டும்"னார். முன்பணம் தர்றோம்னாலும், உங்க பணமே சட்டப்படி உங்க புருஷனோடதுதானேன்னார். ஊரையே திரட்டி லட்சத்துக்குப் பக்கத்துல டாலர் சேக்கப் போற பெண்ணுக்கு, ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட உரிமை இல்லை. போர் முடிஞ்சதும் இந்தச் சட்டங்களை எதிர்த்துத்தான் வேலை செய்யணும்னு லிவர்மோர் அன்னிக்கு முடிவெடுத்தாங்க. 1869-ல பெண்கள் வாக்குரிமைக்காகப் பத்திரிகையே தொடங்கினாங்க.

அந்தக் காலச் சட்டம் இதான். சம்பாதிச்சா அது புருஷனோட சொத்து. ஆனா தானமாக் குடுக்க ஒரு கேக் செஞ்சா, அதை யாரும் பிடுங்க முடியாது.

அடுத்த வருஷம், 1864-ல, பிலடெல்பியாவுல இதே மாதிரி சந்தை. அதுக்காக மரியா மாஸ்ங்கற பெண் ஒரு சமையல் புத்தகம் தொகுத்துக் குடுத்தாங்க. ஒவ்வொரு குறிப்புக்கும் பொருத்தமா கவிதை வரிகளைச் சேத்த புத்தகம். தர்ம காரியத்துக்குப் பணம் திரட்ட அமெரிக்காவுல வந்த முதல் சமையல் புத்தகம்னு இதைத்தான் பொதுவா சொல்றாங்க. போர் முடிஞ்சும் பழக்கம் நிக்கலை. சர்ச் கூரை மாத்தணுமா, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வேணுமா, அநாதை இல்லத்துக்கு உதவணுமா, ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ரெண்டு சமையல் குறிப்பு எழுதித் தொகுத்து அச்சடிச்சு வித்தாங்க. 1886-ல பாஸ்டன்ல பெண்கள் வாக்குரிமைக்கே இப்படி ஒரு சமையல் புத்தகம் வந்துச்சு. முதல் உலகப் போர் வர்றதுக்குள்ள ஆயிரக்கணக்குல இந்த மாதிரிப் புத்தகங்கள். எழுதினவங்க பெயரைப் பாத்தீங்கன்னா பாதிக்கு மேல "திருமதி" போட்டு புருஷன் பெயர்தான் இருக்கும். சொந்தப் பெயர் இருக்காது.

இங்கேதான் நம்ம பிரௌனி வருது. 1904-ல ரெண்டு புத்தகங்கள்ல 'பேங்கர் பிரௌனி'ங்கற பெயர்ல குறிப்பு அச்சாகுது. (பேங்கர், மெய்ன் மாநிலத்துல இருக்கற ஊர்.) ஒண்ணு நியூ ஹாம்ப்ஷயர்ல லக்கோனியாங்கற சின்ன ஊர்ல வந்தது. இன்னொண்ணு சிகாகோவுல சர்வீஸ் கிளப்னு ஒரு பெண்கள் சேவைச் சங்கம் போட்டது. ஒரு சின்ன ஊரும் ஒரு பெரிய நகரமும் ஒரே வருஷத்துல ஒரே பெயரை அச்சுல போடுதுன்னா, அதுக்கு முன்னாடியே எத்தனை சமையலறை சுத்தி வந்திருக்கும்! ஃபேன்னி ஃபார்மர் தன் புத்தகத்துல சாக்லேட் பிரௌனியைச் சேத்தது இதுக்கப்புறம், 1906 பதிப்புலதான். பெரிய புத்தகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, தர்மப் புத்தகத்துல வந்துடுச்சு.

சிகாகோ, 1893

"இல்லையே, பிரௌனியைக் கண்டுபிடிச்சது சிகாகோ பால்மர் ஹவுஸ் ஓட்டல்னு படிச்சேனே"ன்னு சிலர் கேப்பீங்க. அந்தக் கதையும் இதோட சேந்ததுதான். 1893-ல சிகாகோவுல உலகக் கண்காட்சி. அதோட பெண்கள் குழுவுக்குத் தலைவி பெர்த்தா பால்மர். அந்த ஓட்டல் அவங்க புருஷனோடது. கண்காட்சிக்கு வர்ற பெண்களோட மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்துல வைக்கற மாதிரி, கேக்கை விடச் சின்னதா, கையில ஒட்டாததா ஒரு இனிப்பு செஞ்சு தரச் சொல்லி சமையல்காரர்கிட்ட கேட்டாங்களாம். வால்நட்டும் மேல ஆப்ரிகாட் பழப் பாகும் போட்டு அவர் செஞ்சு குடுத்ததைத்தான் ஓட்டல்ல பிரௌனியோட தொடக்கம்னு சொல்றாங்க. ஆனா பிரௌனிங்கற பெயர் அப்ப அதுக்கு வைக்கலை.

இதே கண்காட்சியை ஒட்டித்தான் செப்டம்பர் 11 அன்னிக்கு சர்வ சமய மாநாடு தொடங்குச்சு, விவேகானந்தர் பேசினார். அவரை அங்க அனுப்ப மெட்ராஸ்ல அளசிங்கப் பெருமாள்னு ஒரு பள்ளி ஆசிரியர் வீடு வீடா ஏறி இறங்கிக் காசு சேத்தார். பேசினவரை உலகத்துக்கே தெரியும். வசூல் பண்ணின வாத்தியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? பிரௌனிகள் எல்லா ஊர்லயும் இருக்காங்க.

'எங்கேயும் இல்லாத' சங்கம்

பெயர் தெரியாம இருக்கறது சில சமயம் வீட்டு அடக்கம் இல்லை, உயிர் பயம். 1955 டிசம்பர்ல அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில ரோசா பார்க்ஸ் கைதுக்கு அப்புறம் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணிச்சாங்க. 381 நாள். வேலைக்குப் போகக் கார்களைப் பகிர்ந்துக்கிட்டாங்க. அதுக்கு பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர்னு வாராவாரம் பணம் வேணும்.

ஜார்ஜியா கில்மோர்ங்கற சமையல்காரம்மா, தெரிஞ்ச பெண்களைச் சேத்துக்கிட்டு கேக், பை, சாண்ட்விச் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. அழகு நிலையம், வீட்டு வாசல், எங்கே முடியுதோ அங்க. பாதிப் பெண்கள் வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை பாக்கறவங்க. போராட்டத்துக்குக் காசு குடுத்தது தெரிஞ்சா வேலை போயிடும். அதனால சங்கத்துக்கு "கிளப் ஃப்ரம் நோவேர்"னு பெயர் வெச்சாங்க. "இந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு?"ன்னு யாராவது கேட்டா "எங்கேருந்தும் இல்லை"ன்னு பொய் சொல்லாமலே சொல்லலாம்! யார் செஞ்சாங்க, யார் வாங்கினாங்கங்கற விவரம் கில்மோர் ஒருத்தருக்குத்தான் தெரியும். வாராந்திரக் கூட்டத்துல அவங்க தொகையைப் படிச்சதும் கூட்டம் கை தட்டும்.

1956 மார்ச்ல மார்ட்டின் லூதர் கிங் மேல நடந்த வழக்குல கில்மோர் சாட்சி சொன்னாங்க. வேலை போச்சு. கிங் உதவியோட வீட்டுலயே சமைச்சு விக்க ஆரம்பிச்சாங்க, அந்தச் சாப்பாட்டு மேஜையிலதான் எத்தனையோ போராட்டப் பேச்சுகள் நடந்துச்சு. 1990 மார்ச்ல செல்மா ஊர்வலத்தோட 25-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்காகச் சமைச்சுக்கிட்டிருந்த சமயத்துலதான் இறந்துபோனாங்க. துக்கத்துக்கு வந்தவங்களுக்கு வீட்டுக்காரங்க அந்தச் சாப்பாட்டையே பரிமாறினாங்க. படிச்சுட்டு கொஞ்ச நேரம் அவனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கணக்குத் தீந்த பிறகும்

கடைசியா ஒரு வில்லங்கமான பாட்டி. (டிஸ்கி: இது வரலாறு மட்டுமே, யாரும் முயற்சி பண்ணாதீங்க.) மேரி ஜேன் ராத்பன், 1922-ல பிறந்தவங்க, ஓட்டல்ல சர்வரா வேலை பாத்தவங்க. ஒரே மகளைச் சாலை விபத்துல பறிகொடுத்தவங்க. சான் பிரான்சிஸ்கோவுல கஞ்சா கலந்த பிரௌனி சுட்டு வித்ததுக்காக 1981-ல போலீஸ் பிடிச்சுது. தண்டனையா 500 மணி நேரம் சமூக சேவை பண்ணச் சொன்னாங்க.

தண்டனைங்கறது மணிக்கணக்கு. 500 முடிஞ்சா விடுதலை. பாட்டி ரெண்டே மாசத்துல முடிச்சுட்டாங்க. ஆனா சேவையை விடலை. அந்தச் சமயத்துல எய்ட்ஸ் பரவ ஆரம்பிச்சிருந்துச்சு. சொந்தக் குடும்பமே பக்கத்துல வரப் பயந்த இளைஞர்களை, சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில போய்ப் பாத்துக்கிட்டாங்க. "என் பசங்க"ன்னுதான் சொல்லுவாங்க. குமட்டல்ல சாப்பிட முடியாதவங்களுக்கு அந்த பிரௌனி பசியைத் தூண்டுதுன்னு தெரிஞ்சதும், இலவசமாச் சுட்டுக் குடுத்தாங்க. 1986-ல மருத்துவமனை அவங்களை அந்த வருஷத்தோட சிறந்த தன்னார்வலர்னு கௌரவிச்சுது. 1992-ல மறுபடி கைது. அதே வருஷம் ஆகஸ்ட் 25-ஐ நகர நிர்வாகம் 'பிரௌனி மேரி நாள்'னு அறிவிச்சுது. 1996-ல கலிபோர்னியா மக்கள் வாக்களிச்சு கஞ்சாவை மருத்துவத்துக்கு அனுமதிச்சதுல இந்தப் பாட்டிக்கும் பங்கு உண்டு. அவங்க செஞ்சது சரியா தப்பான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க. கணக்கு முடிஞ்ச பிறகும் ஒருத்தர் தொடர்ந்து வர்றாங்கன்னா அவங்களைக் கணக்கு கூட்டிட்டு வரலைங்கறதுதான் எனக்குப் பட்டது.

ஒரு சதவீதக் கமிஷன்

"சென்டிமென்ட் எல்லாம் சரி, டேட்டா இருக்கா?"ன்னு கேக்கற நம்ம துறை நண்பர்களுக்காக: இஸ்ரேல்ல யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி ரெண்டு பேரும் பண்ணி 2000-ல வெளியிட்ட ஆய்வு. தர்மத்துக்கு வீடு வீடாப் போய் வசூல் பண்ற 180 பள்ளி மாணவர்களை மூணா பிரிச்சாங்க. முதல் குழுவுக்கு "இது நல்ல காரியம்"னு பேச்சு மட்டும். ரெண்டாவதுக்கு வசூல்ல 1 சதவீதம் கமிஷன். மூணாவதுக்கு 10 சதவீதம். அதிகமா வசூல் பண்ணினது யாரு? காசே வாங்காதவங்க. அடுத்தது 10 சதவீதம். கடைசி, 1 சதவீதம்.

2004-ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுல காசுக்குப் பதிலா மிட்டாய் குடுத்துப் பாத்தாங்க. சும்மா அன்பளிப்பாக் குடுத்தப்ப உழைப்பு குறையலை. "இது இத்தனை சென்ட் மிட்டாய்"னு விலையைச் சொல்லிக் குடுத்ததும், சம்பளம் மாதிரியே ஆயிடுச்சு. ஸ்காட்லாந்துப் பாட்டிங்க பல நூறு வருஷமா பாலேட்டுக் கிண்ணத்தை மறந்து வெச்ச மாதிரி வெச்சதுக்குக் காரணம் புரியுதா!

ஒண்ணை மட்டும் தெளிவா சொல்லிடறேன். கூலி வாங்கி வேலை செய்யறவங்களுக்கு "சேவை"ன்னு சொல்லிச் சம்பளத்தைப் பிடிக்கறது அயோக்கியத்தனம். பஸ் செலவுக்குக் கஷ்டப்படற தன்னார்வலருக்கு அந்தச் செலவைக் குடுத்தே ஆகணும். நான் சொல்றது அந்தக் கையெழுத்து நோட்டைப் பத்தி.

டப்பா

முதல் தட்டு ஓரத்துல கருகிடுச்சு. ரெண்டாவது நல்லா வந்துச்சு. பிரௌனியில ஒரு சௌகரியம் என்னன்னா, அந்த 1906 குறிப்புலயே பேக்கிங் பவுடர் கிடையாது. மாவு அரைக் கப், சர்க்கரை ஒரு கப். சர்க்கரை ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கறதால மூணு நாலு நாள் காயாது. க்ரீம் இல்லாததால பஸ்ல நசுங்காது. கத்தி ஒண்ணு இருந்தா எத்தனை பேர் வந்தாலும் அதுக்கேத்த மாதிரி வெட்டிக்கலாம். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய், ஒண்ணும் சொல்லாம டீ கேன் பக்கத்துல வெச்சேன். பத்து நிமிஷத்துல டப்பா காலியாகப் பாத்துச்சு. ஆறு துண்டை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சேன்.

சாயங்காலம் டீச்சர் வீடு. கதவைத் திறந்தவங்க நடையில முட்டி வலி எதுவும் தெரியலை. டப்பாவைத் திறந்து பாத்துட்டு முதல் கேள்வி:

"தம்பி, இதுல முட்டை போட்டிருக்கியா?"

போச்சுடா. டீச்சர் சுத்த சைவம். வரலாறு, புவியியல் எல்லாம் படிச்சேன், இதைக் கேக்க மறந்துட்டேன். நான் முழிச்சதைப் பாத்து சிரிச்சுட்டு, "கீழ் வீட்டுப் பசங்க சாப்பிடும், குடு"ன்னு வாங்கிக்கிட்டாங்க.

காபி குடிக்கும்போது மெதுவா கூப்பன் பேச்சை எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "முப்பத்தினாலு வருஷம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன் தம்பி. அது என் உரிமை, ஒரு ரூபா குறைஞ்சாலும் சண்டை போட்டிருக்கேன். இது ஒண்ணாவது கையெழுத்து இல்லாம இருக்கட்டும்னு வந்தேன். 250 ரூபான்னு எழுதினதும், என் வாசிப்பு 250 ரூபாதானான்னு ஆயிடுச்சு"ன்னாங்க.

கிளம்பும்போது டப்பா கையில கனமா இருந்துச்சு. உள்ள நெய் விட்டுப் பிடிச்ச பொட்டுக்கடலை மாவு உருண்டை. "எதுக்கு டீச்சர்?"னேன். "வெறும் டப்பாவைத் திருப்பிக் குடுப்பாங்களா யாராச்சும்?"

எங்க அம்மாவும் அதையேதான் சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுலேருந்து பாத்திரம் வந்தா வெறுமனே போகக் கூடாது, ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் போகணும். அப்பல்லாம் அது வெறும் பழக்கம்னு நினைச்சேன். யார் யாருக்குப் பாக்கிங்கறது தீரவே கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு அது. தீந்துட்டா போக்குவரத்தும் நின்னுடும்.

நிர்வாகத்துல பேசிப் பாத்தேன். கூப்பனை நிறுத்தலை, அது அவங்க விருப்பம். ஆனா கையெழுத்து நோட்டு போயிடுச்சு. பஸ் செலவு வேணுங்கறவங்க கேட்டு வாங்கிக்கலாம். டீச்சர் இன்னும் வரலை. "பாக்கலாம்"னு மட்டும் சொல்லியிருக்காங்க.

இந்தச் சனிக்கிழமை முட்டைக்குப் பதிலா தயிரும் கொஞ்சம் சோடா உப்பும் போட்டுச் செய்யப் போறேன். டப்பா இப்ப என்கிட்டதான் இருக்கு. வெறுமனே குடுக்க முடியாதே. உங்ககிட்ட முட்டையில்லாத பிரௌனிக்கு நல்ல அளவு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும் :-)